படம் பிடித்தலும் படம் திருத்தலும்

தில்லையில் பொன்னாலும், மதுரையில் வெள்ளியாலும், திருநெல்வேலியில் செம்பாலும் கூத்தனுக்கு அம்பலம் கண்ட நம் முன்னோர், குற்றாலத்துக்கு வந்தபோது வேறு வழியை மேற்கொண்டனர். அங்கே சிலை வடிக்கவில்லை, சுவரிலே எழுதினர். சித்திர சபையில் ஆடும் இறைவன் ஓர் ஓவியம். படத்துக்கே பூசை நடக்கும் ஊரின் அருகில் பிறந்தவன் நான். படங்களின்மேல் எனக்குப் பித்துப் பிடித்ததில் வியப்பு ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, பேச வந்த பொருளுக்கு வருகிறேன்.

மாணவ நண்பர்களே, இன்று உங்களில் பெரும்பாலோர் கையில் காமிரா இருக்கிறது. கைபேசி என்று அதற்குப் பெயர். பேசுவதற்குக் குறைவாகவும் படம் பிடிப்பதற்கு மிகுதியாகவும் அது பயன்படுவதைக் காண்கிறேன். என் கல்லூரிப் பருவத்தில், 1975ஆம் ஆண்டு வாக்கில், ஆக்ஃபா கிளிக் என்ற எளிய பெட்டிக் காமிரா ஒன்று எனக்குக் கிடைத்தது. ஒரு சுருளுக்கு 12 படங்கள். பதின்மூன்றாவது படத்துக்கு மாமாவிடம் கையேந்த வேண்டும். ஆகையால் விசையை அழுத்துமுன் நெடுநேரம் யோசிப்போம். நீலகிரியில் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ பிலிம் கடைக்கு வந்துவிட்டதா என்று நாள்தோறும் கேட்டு, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்ததுண்டு. அந்த வறுமை ஒரு நல்ல ஆசிரியராக இருந்தது என்றே எண்ணுகிறேன்.

முதலில் அருவியை எடுத்துக்கொள்வோம். குற்றாலத்துக்கு வந்தவர் எவரும் பேரருவியைப் படம் பிடிக்காமல் திரும்புவதில்லை. ஆனால், ஊருக்குப் போய்ப் பார்த்தால் அருவி அங்கே இருப்பதில்லை. சுண்ணாம்பு பூசிய ஒரு வெள்ளைப் பட்டைதான் இருக்கும். காரணம் இது. காமிராவினுள் இருக்கும் ஒளிமானி, எதிரே உள்ள காட்சி முழுவதையும் சேர்த்து அளந்து, நடுத்தரமான ஒரு சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. பேரருவியைச் சுற்றி இருப்பதோ நனைந்து கறுத்த பாறை. “காட்சி இருளாக இருக்கிறது” என்று கருவி முடிவு செய்து ஒளியை மிகுதியாக உள்ளே விடுகிறது. பாறை தெளிவடைகிறது, நீர் வெந்துபோகிறது. கைபேசித் திரையில் நீரின்மேல் விரலை வைத்துத் தொட்டு, ஒளியளவைச் சிறிது குறைத்துப் பாருங்கள். வெள்ளைப் பட்டைக்குள் இழை இழையாக நீர் பிரிவதைக் காண்பீர்கள்.

அடுத்தது காலம். ஷட்டர் என்னும் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே அருவி இரண்டு அருவிகளாகும். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால், பொங்குமாங்கடலில் மோதித் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் முத்துப்போல் அந்தரத்தில் நிற்கும். எட்டில் ஒரு பங்கு வினாடி திறந்தால், துளிகள் யாவும் ஒன்றோடொன்று இழைந்து, பட்டுத் துணியைப் பாறைமேல் உலர்த்தியதுபோல் இருக்கும். இவற்றுள் எது உண்மையான அருவி என்று கேட்டால் நான் விடை சொல்லத் தயங்குவேன். நம் கண் இரண்டையும் காண்பதில்லை. இந்த ஐயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது எனக்குத் தேவைப்படும்.

நீண்ட நேரம் கதவைத் திறந்து வைக்கும்போது கை நடுங்கக்கூடாது. முக்காலி இல்லாதவர்கள் மணல் நிரப்பிய ஒரு சிறு துணிப்பையைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்து அதில் கருவியைப் பொதித்துக்கொள்ளலாம். என்னிடம் இருந்த பை என் பாட்டியின் சுருக்குப்பை. மணலுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை நிரப்பினேன். அதையும் ஒரு குரங்கு பறித்துச் சென்றது. குற்றாலத்தில் காமிராவைவிடக் குரங்கின்மேல் கண் வைக்க வேண்டும் என்பது பட்டறிந்தோர் வாக்கு.

ஆனி, ஆடி மாதங்களில் சாரல் அடிக்கும். அது படக்காரனுக்குப் பகையும் நட்புமாகும். லென்ஸில் படியும் துளியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது பகை. மேகம் கவிந்த வானம் ஒரு பெரிய வெண்திரைபோல் ஒளியைப் பரப்பி, இலைகளின் பச்சையைக் கண்ணைப் பறிக்காமல் காட்டுவது நட்பு. இடையே வெயில் எட்டிப் பார்த்தால், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று அருவித் தூவலைப் பாருங்கள். உங்கள் நிழலின் தலை விழும் திசையிலிருந்து ஏறக்குறைய 42 பாகைக் கோணத்தில் வானவில் தோன்றும். அது அங்கேதான் தோன்ற முடியும். இடம் தெரிந்தவனுக்கு வானவில் தற்செயல் அன்று.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, 17 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அருவிக் கரையில் நிற்கும்போது மலைமேல் பெய்யும் மழை நமக்குத் தெரிவதில்லை. நீர் நிறம் மாறிக் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், காமிராவை மறந்து வெளியேறுங்கள். தடை செய்த பாறையில் ஏறி எடுத்த எந்தப் படத்தையும் நான் பாராட்டியதில்லை.

இனிப் படத்தைத் திருத்துவதைப் பற்றிப் பேசுவோம். ‘திருத்துதல்’ என்றவுடன் பலர் முகம் சுளிக்கிறார்கள். கலப்படம் என்ற எண்ணம் போலும். கணிப்பொறி வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, நம் தமிழ்நாட்டிலேயே, இந்தத் தொழில் நன்றாக நடந்தது.

1856இல் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறைக் காப்டனைத் தன் படக்காரராக நியமித்தது. அவர் 1857 இறுதியில் புறப்பட்டு, திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளுக்குக் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்றார். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் பெரும் பொருட்காட்சிச் சாலைகளில் உள்ளன. அந்நாளைய இரசாயனப் பூச்சு நீல ஒளியை மட்டும் விரைந்து பற்றும். பச்சையையும் சிவப்பையும் பற்றாது. அதனால் நீல வானம் நெகடிவில் கன்னங்கரேலென்று ஏறி, அச்சில் வெறும் வெள்ளைத் தாளாக வந்தது. மரங்களோ இருட்டுக் குவியலாயின. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்து, காகித நெகடிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். இலைகளுக்கும் மெருகு கொடுத்தார். நாம் இன்று மதுரை வானத்தில் காணும் அந்த மேகங்களுள் சில, மதுரையில் என்றும் மிதக்காதவை.

அதே மனிதர் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் மற்றொன்றும் செய்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். நீங்கள் கைபேசியைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்கும் அகலப் படத்துக்கு இது பாட்டன். ஒட்டு இருக்கிறது, ஆனால் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மேகம் தீட்டிய கையும் கல்வெட்டை ஒட்டிய கையும் ஒன்றே. ஆயினும் இரண்டும் ஒரே வகையான வேலை அல்ல என்பது உங்களுக்கே விளங்கும்.

இருட்டறையில் நாங்கள் செய்த திருத்தங்கள் எளியவை. சிவப்பு விளக்கின் கீழ், உருப்பெருக்கியின் ஒளி புரோமைடு தாளின்மேல் விழும்போது, கம்பியில் ஒட்டிய ஓர் அட்டைத் துண்டை நடுவே ஆட்டிக்கொண்டிருந்தால், அவ்விடம் ஒளி குறைந்து வெளுத்து வரும். அட்டையில் துளையிட்டு, துளை வழியே மட்டும் கூடுதலாக ஒளி விட்டால் அவ்விடம் கறுக்கும். அட்டையை ஆட்டுவதை நிறுத்தினால் ஓரம் கோடாக விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். இன்றைய செயலிகளில் ‘நிழல்’, ‘வெளிச்சம்’ என்று விரலால் நகர்த்துகிறீர்களே, அது இந்த அட்டையின் வேலைதான்.

வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது ஒரு நல்ல பயிற்சி. சிவப்பின் பங்கை மிகுத்தால் நீல வானம் இருண்டு மேகம் எழும். பச்சையின் பங்கை மிகுத்தால் சுந்தரபாண்டியபுரத்து வயல்கள் ஒளிரும். டிரைப் தூரிகையால் தேடியதை நீங்கள் ஒரு விரலசைவில் அடைகிறீர்கள்.

பள்ளிக்கூடத்துக் கணக்கு படத்துக்கு உதவும் விந்தை ஒன்றையும் சொல்கிறேன். பேரருவியில் கூட்டம் குறைவதே இல்லை. கருவியை அசையாமல் வைத்து, சில வினாடி இடைவெளியில் ஒரே காட்சியை ஒன்பது முறை எடுங்கள். நடைபாதையில் ஒரு கல்லை மட்டும் பாருங்கள். கறுப்புக்கு 0, வெண்மைக்கு 255 என்று ஒளியை அளந்தால், அந்தக் கல் ஒன்பது படங்களிலும் 40, 42, 41, 200, 43, 41, 190, 42, 40 என்று இருக்கிறது என்று கொள்வோம். 200, 190 என்ற இடங்களில் வெள்ளை வேட்டி உடுத்தவர் ஒருவர் குறுக்கே போனார். கூட்டுச் சராசரி எடுத்தால் 75 வரும். கல்லின்மேல் ஆவிபோல் ஒரு வேட்டி தெரியும். இடைநிலையை எடுத்தால் 42. வேட்டிக்காரர் மறைந்துவிட்டார்! படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படிச் செய்யும் செயலிகள் உண்டு. நடப்பவர்கள் நீங்குவார்கள், ஒரே இடத்தில் நின்று குளிப்பவர்கள் நீங்கமாட்டார்கள். நீரின்மேல் சராசரி எடுத்தால் மேலே சொன்ன பட்டுத்துணி கிடைக்கும். பட்டுத்துணியில் எனக்கு உறுத்தல் இல்லை. அது அந்தச் சில வினாடிகளில் விழுந்த நீரின் வரலாறு. ஆனால், ஆடி அமாவாசையன்று ஆளே இல்லாத பேரருவி என்று ஒரு படத்தை யாரேனும் நீட்டினால், அது வேறு பேச்சு.

அந்த வேறு பேச்சை நான் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பினான். இக்கோயில் பழுதுற்றால் அதைச் செப்பனிடுவோரைத் தான் வணங்குவதாக அம்மன்னன் கல்லில் பொறித்து வைத்தான். அவன் அஞ்சியபடியே ஆயிற்று. என் இளமையில் இராசகோபுரம் மேல்நிலைகளை இழந்து, மொட்டையாக நின்றது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு முதியவர் இருந்தார். பாட்டையா என்றே எல்லாரும் அழைப்போம். மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து, முழுக் கோபுரத்தைப் பற்றித் தம் தகப்பனார் சொல்லக் கேட்ட கதைகளை எங்களுக்குச் சொல்வார். கோபுரத்தை முழுதாக ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்பார்.

1977இல் எனக்கு ஒரு விபரீத யோசனை தோன்றியது. மொட்டைக் கோபுரத்தை ஆனி மாதத்துக் காலையில் நான் எடுத்த நெகடிவ் ஒன்று இருந்தது. சங்கரன்கோவில் கோபுரத்தை மார்கழிக் காலையில் எடுத்ததும் இருந்தது. அது ஒன்பது நிலைக் கோபுரம். முதல் நெகடிவை உருப்பெருக்கியில் வைத்து, தாளின் மேற்பாதியை அட்டையால் மறைத்து ஒளி விட்டேன். பிறகு அட்டையைக் கீழ்ப்பாதிக்கு மாற்றி, இரண்டாவது நெகடிவிலிருந்து மேல்நிலைகளை மட்டும் இறக்கினேன். ஏழெட்டுத் தாள்கள் பாழாயின. ஒன்பதாவதில் ஓரளவு பொருந்தியது. பொருந்தாத இடத்தைச் சாய்த்தூரிகையால் புள்ளி வைத்து மூடினேன். தூரிகைத் தடம் தெரியாதிருக்க, அந்த அச்சையே மறுபடி படம் எடுத்தேன். இறுதியாகப் பழுப்பு நிறம் ஏற்றினேன். படத்தை முதலில் வெளுக்க வைத்து, பிறகு சோடியம் சல்பைடு நீரில் அமிழ்த்தினால், கறுப்பு வெள்ளி பழுப்பாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் தெருவரை வீசியது. அம்மா என்னையும் தட்டையும் கொல்லைக்குத் துரத்தினார்கள்.

படத்தைப் பாட்டையாவிடம் கொடுத்தேன். விளையாட்டுக்குச் செய்தது என்று சொல்வதாகத்தான் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “எங்க அப்பா சொன்ன கோபுரம்லா இது! எங்கல கிடைச்சது?” என்றார். அவர் கை நடுங்கிற்று. பழைய பெட்டி ஒன்றில் கிடைத்தது என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை நான் எண்ணாத நாள் இல்லை. அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை என்பது ஒரு பாதி. என் கைத்திறனில் எனக்கு இருந்த செருக்கு மறுபாதி. இரண்டில் எது பெரிய பாதி என்பதை அளக்க ஒளிமானி இல்லை.

பாட்டையா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். சில ஆண்டுகளில் மறைந்தும் போனார். 1990இல் ஒன்பது நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்தில், கோபுரம் புதிதாக எழுந்து குடமுழுக்கும் நடந்தது. அதைக் காண அவர் இல்லை. அதன்பிறகு ஒருநாள் ஒரு மலரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே முழுப்பக்கத்தில் என் படம்! ‘இடிவதற்கு முன் இருந்த தென்காசிக் கோபுரம், மிகப் பழைய நிழற்படம்’ என்று கீழே அச்சிட்டிருந்தது. பாட்டையாவின் வீட்டார் நல்லெண்ணத்தோடு கொடுத்திருக்கிறார்கள். நான் மலரை வெளியிட்டவரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் என்னைச் சற்று ஐயத்தோடு பார்த்தார். பழம்பெருமைக்கு உரிமை கொண்டாட வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். மறுபதிப்பில் திருத்துவதாகச் சொன்னார். மறுபதிப்பு வரவில்லை.

கடந்த ஆண்டு என் பேத்தி தன் கைபேசியை நீட்டி, “தாத்தா, நம்ம ஊர்க் கோபுரத்தோட பழைய படம் பாருங்க” என்றாள். ஏதோ ஒரு குழுவில் யாரோ அனுப்பியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் சுற்றிவிட்டு என் பிள்ளை வீடு வந்து சேர்ந்தது.

“இது பொய்ப்படம்” என்றேன். அவள் நம்பவில்லை. “நிழலைப் பார்” என்றேன்.

இதை நீங்களும் கற்றுக்கொள்ளலாம்; செலவில்லாத கருவி இது. தென்காசி ஏறக்குறைய 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆனி மாதத்தில் சூரியன் 23 பாகைக்கு மேல் வடக்கே சென்றுவிடுகிறது. அப்போது நம் ஊரில் நண்பகல் வெயில்கூட வடக்கிலிருந்துதான் விழும். காலை வெயில் வடகிழக்கிலிருந்து வரும். மார்கழியில் அது தென்கிழக்கிலிருந்து வரும். இரண்டு கோபுரங்களும் கிழக்கு நோக்கியவை. எதிரே நிற்பவன் மேற்கைப் பார்க்கிறான். அவன் வலக்கைப் பக்கம் வடக்கு. ஆகவே ஆனியில் எடுத்த அடித்தளத்தின் அரைத்தூண்களுக்கு வலமிருந்து வெயில், நிழல் இடப்பக்கம். மார்கழியில் எடுத்த மேல்நிலைப் பதுமைகளுக்கு இடமிருந்து வெயில், நிழல் வலப்பக்கம். ஒரே கோபுரத்துக்கு ஒரே காலையில் இரண்டு சூரியன்கள்! 1977இல் ஓரத்தையும் நிறத்தையும் பொருத்துவதிலேயே கண்ணாயிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. மலரைப் பார்த்தவர் ஆயிரவர், அவர்களுக்கும் தோன்றவில்லை. எங்கே பார்ப்பது என்று சொன்ன ஒரு நிமிடத்தில் என் பேத்தி கண்டுகொண்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். “அப்போ அந்தத் தாத்தாகிட்ட சொன்னீங்களா?”

இல்லை என்றேன்.

இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தப் படத்தை அச்சிட்டாலும், பின்புறத்தில் பென்சிலால் நாள், இடம், வெயிலின் திசை ஆகியவற்றைக் குறிக்கிறேன். ஒட்டு இருந்தால், எதை எதோடு ஒட்டினேன் என்பதையும் எழுதுகிறேன். கணிப்பொறியில் திருத்தினால் மூலப்படத்தை அழிக்காமல் தனியே வைத்து, திருத்தியதற்கு வேறு பெயர் இடுகிறேன். மை வேண்டாம்; மை ஊறி முன்புறம் வந்துவிடும். பென்சில் போதும்.

பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் அந்த இரண்டு நெகடிவ்களும் இருந்தன. பேத்தி அவற்றைச் சன்னல் கண்ணாடியில் பக்கம் பக்கமாக ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே படம் எடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினாள். ஒரு பக்கம் மொட்டைக் கோபுரம். மறுபக்கம் சங்கரன்கோவில் கோபுரம். கீழே நான் சொல்லச் சொல்ல விவரத்தைத் தட்டச்சுச் செய்து, அந்தப் படம் வந்த குழுவுக்கே அனுப்பினாள். சிறிது நேரத்தில் மூன்று பதில்கள் வந்தன. இருவர் கைகூப்பிய சின்னம் போட்டிருந்தார்கள். மூன்றாமவர், “அருமையான பழைய படங்கள், இன்னும் இருந்தால் அனுப்பவும்” என்று எழுதியிருந்தார்.